நடுச்சுவர்

டொக். கொஞ்சம் விட்டு, டொக் டொக்.

அந்தச் சத்தத்திலிருந்துதான் சொல்ல வேண்டும் அம்மா. நாலு வருஷம் ஆகிறது, இன்னும் காதில் இருக்கிறது. கைத்தடியின் அடியில் பித்தளைப் பூண் போட்டிருக்கும் பார், அந்தப் பூண் சுவரில் படுகிற சத்தம். விடியற்காலை இல்லை, மத்தியானம் இல்லை. நான் சாமி கும்பிடும்போது டொக். வாயில் சோறு வைக்கும்போது டொக். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவன் தட்டுவதற்குத் திடுக்கிட்டுக்கொண்டே இருப்பது என்ன பிழைப்பு, சொல்லு.

காபியைக் குடி, ஆறினால் நன்றாக இருக்காது. நீ வீட்டைப் பார்த்துவிட்டாய். முன்னறை, நடு அறை, சமையலறை, கொல்லையில் தனிக் குழாய். அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், நடுவில் இந்த ஒரே சுவர். உனக்குப் பிடித்திருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் தெருமுனைக்குப் போவதற்குள் யாராவது உன்னை நிறுத்தி, "அந்த வீட்டுக்கா போறீங்க?" என்று கேட்பார்கள். பாதியைச் சொல்லிப் பாதியை முழுங்குவார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒளிக்கத் தெரியாது. அட்வான்ஸ் பத்து மாத வாடகை. காலி பண்ணும்போது வெள்ளையடிக்க ஒரு மாதம் கழித்துக்கொள்வேன். ஆணி அடிக்கக் கூடாது. இதெல்லாம் ஊர் வழக்கம்தான், நானாகக் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை.

வயசானவர்கள் யாராவது உன்னோடு இருக்கிறார்களா? இல்லையா? நல்லது. கோபித்துக்கொள்ளாதே, பட்டதால் கேட்கிறேன்.

முன்னால் அங்கே குடியிருந்தவன் பெயர் இளஞ்செழியன். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் வெல்டர். அவன் பெண்டாட்டி பூங்கோதை ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நின்றாள். கூட அவனுடைய அப்பா, மாசிலாமணி என்று பெயர். அந்தக் காலத்துக் கறுப்புச் சட்டைக்காரர். மில்லில் சங்கத் தலைவராக இருந்தாராம். சாமி இல்லை, ராகுகாலம் இல்லை, நாள் நட்சத்திரம் இல்லை. பால் காய்ச்சாமல் குடி வந்தவர்கள் இந்தத் தெருவிலேயே அவர்கள்தான். "பால காய்ச்சி என்னம்மா, நேரா காபியே போட்டுருவோம்" என்று சிரித்தார் கிழவர். அப்போது பேச்சு இருந்தது அவருக்கு. நல்ல கனமான குரல், கூட்டத்தில் பேசிப் பழகின குரல். எங்கள் வீட்டுக்காரரும் அவரும் வாசலில் நின்று மணிக்கணக்கில் பேசுவார்கள். இவர் பட்டை பட்டையாக விபூதி பூசியவர், அவர் அதைப் பார்த்துக் கிண்டல் பண்ணுவார், இவர் சிரிப்பார். இவர் அப்படித்தான். யார் எது சொன்னாலும் சிரிப்பார்.

வந்த இரண்டாம் வருஷம் கிழவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. மகனுக்கும் மருமகளுக்கும் வேலைக்குப் போகாமல் முடியாது. அந்தப் பூங்கோதை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, கட்டில நடுச்சுவரு ஓரமா போட்டுருக்கோம். கம்ப இடது கையில குடுத்துருக்கோம். அவசரம்னா தட்டுவாரு. கொஞ்சம் எட்டிப் பாருங்கம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"அதுக்கென்ன, நான் இங்கதானே கெடக்கேன், பாத்துக்கறேன்" என்றேன். வேறென்ன சொல்வது? அடுத்த வாரம் கடையில் தள்ளுபடியில் வந்தது என்று ஒரு புடவை கொண்டுவந்து கொடுத்தாள். நான் கேட்கவில்லை. மாம்பழக் கலர். நன்றாகத்தான் இருந்தது, இப்போதும் கட்டுகிறேன்.

போனேன் அம்மா, போகாமல் இல்லை. தண்ணீர் என்று தட்டினார், கொடுத்தேன். ஜன்னலைத் திற என்று தட்டினார், திறந்தேன். ஒருநாள் கலைஞ்சுபோன போர்வைக்காகத் தட்டினார். ஒருநாள் போனால் ஒன்றுமே வேண்டாம், என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார், வாய் கோணிக்கொண்டு. பேச்சுத் துணைக்குத் தட்டியிருக்கிறார். நான் என்ன, சம்பளத்துக்கு வைத்த ஆளா? அதற்கப்புறம் தட்டினால் எங்கள் வீட்டுக்காரர் போவார். இல்லாவிட்டால் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்கக் கேட்கப் பழகிவிடும், மழை மாதிரி. சுவரில் அந்த இடத்தில் காரை பெயர்ந்து உள்ளங்கை அகலத்துக்குக் குழி விழுந்துவிட்டது. அதற்குக்கூட நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அது ஒரு பங்குனி மாதம். வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் வீட்டுக்காரர் பென்ஷனுக்கு உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கக் கருவூலத்துக்குப் போயிருந்தார். நான் மாவுக்குப் போட்டிருந்தேன். அன்றைக்கென்று சத்தம் கொஞ்சம் அதிகம். கிரைண்டர் ஓடுகிறபோதே கேட்டது என்றால் பார்த்துக்கொள். "இருய்யா, வரேன்" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தேன். மாவை வழித்தேன், பாத்திரம் கழுவினேன், டி.வி.யில் சீரியல் வந்தது, அதில் அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணுக்குத் தன் அம்மா யாரென்று தெரிகிற நாள். மில் சங்கு ஊதிற்று, பன்னிரண்டு மணிச் சங்கு. அது ஊதி முடிந்தபோது சுவரில் சத்தம் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

பூங்கோதை சாப்பாட்டு வேளைக்கு வந்து கதவைத் திறந்தவள் போட்ட அலறலில்தான் எனக்குத் தெரியும். ஓடினேன். கிழவர் கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். கம்பு கையிலேயே இருந்தது.

பாவம்தான். நானும் அழுதேன். ஆனால் அழுதுகொண்டே ஒரு காரியம் செய்தேன், வீட்டுக்குச் சொந்தக்காரி செய்ய வேண்டிய காரியம். பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். அவிட்டம்! அன்றைக்குப் பதினொன்றேகால் வரைக்கும் திருவோணம், அதற்கப்புறம் அவிட்டம்.

உங்கள் பக்கத்தில் அடைப்பு பார்ப்பார்கள் இல்லையா? அவிட்டத்திலிருந்து ரேவதி வரைக்கும் ஐந்து நட்சத்திரம். அதில் உயிர் போனால் அந்த இடத்தை ஆறு மாதம் அடைத்துவைக்க வேண்டும். முள்ளு வைத்து, சாயங்காலம் விளக்கு வைத்து, யாரும் புழங்கக் கூடாது. பிணத்தையும் தலைவாசல் வழியாக எடுக்கக் கூடாது, எடுத்தால் பின்னாலேயே ஆளைக் கூப்பிடும். சுவரை இடித்து அந்த வழியாகத்தான் எடுக்க வேண்டும். இதை நான் சொன்னதும் இளஞ்செழியன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பட்டறையிலிருந்து வந்த கரி முகத்தோடு நின்றான்.

"அம்மா, எங்கப்பா இதையெல்லாம் எதுத்துப் பேசியே தொண்ட வத்துனவரு. அவர வாசல் வழியாத்தாம்மா எடுப்பேன்."

"ஒங்கப்பா நம்பலன்னா நட்சத்திரம் நகந்துருமாப்பா? வீடு என்னது. இங்க வாழப்போறது நாங்க."

என் தம்பி சேது அதற்குள் வந்துவிட்டான். சேதுராமன், லாரி ஆபீஸ் வைத்திருக்கிறான், நல்ல ஆகிருதி. அந்தப் போர்ஷன் வாசல் நிலையில் இரண்டு கையையும் விரித்து ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டான். எங்கள் வீட்டுக்காரர் கருவூலத்திலிருந்து வந்தவர், "வேண்டாம் சேது, மனுஷன் போனதே போதும்" என்றார். யார் கேட்கிறார்கள்? இளஞ்செழியன் சேதுவின் மார்பில் கைவைத்துத் தள்ளினான். சேது ஒரு அறை விட்டான். திருப்பி அவன் விட்டான். பிணத்தைக் கிடத்திவைத்து, தலைமாட்டில் இரண்டு ஆம்பிளைகள் கட்டிப் புரள்கிறார்கள், சட்டை கிழிகிறது, ஒருத்தன் மூக்கில் ரத்தம். பூங்கோதைதான் நடுவில் விழுந்தாள். "வெயில்ல மாமா உடம்பு கெட்டுப்போவுதுங்க. இடிச்சுத் தொலைங்க. என்னமோ பண்ணித் தொலைங்க" என்று புருஷன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

கடப்பாரை எங்கள் வீட்டுடையது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதற்கென்று தனியாகக் கூலி போடவில்லை, கேட்டுக்கொள். பிள்ளை கையால்தான் இடிக்க வேண்டும் என்றேன், அப்படித்தான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். சந்துப் பக்கத்துச் சுவரில் அவன் முதல் குத்து குத்தினபோது தரை அதிர்ந்து கிழவர் தலை ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது. கட்டி வைத்த தாடைத் துணி நழுவிற்று. செங்கல் உள்பக்கமாகவும் விழுந்தது. ஒரு சில்லு அவர் நெற்றியில் பட்டுத் தோல் கிழிந்தது. ரத்தம் வரவில்லை. செத்த உடம்பு அல்லவா. பூங்கோதை அவர்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள், முதுகெல்லாம் காரை. அவன் குத்திக்கொண்டே இருந்தான், உறுமிக்கொண்டே குத்தினான், மாடு மாதிரி. ஓட்டை பெரிசானதும் அந்த வழியாக, காலை முன்னால் விட்டு, சந்து வழியாகத் தூக்கிப்போனார்கள். கறுப்புச் சட்டை போட்ட கிழவர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். செத்தவர் முகம் முழுக்க வெள்ளைப் பொடி. விபூதி பூசாமலே இருந்த முகத்துக்கு அன்றைக்குப் பூசினாற்போல இருந்தது.

சரி, அது முடிந்தது. அந்த மாதமே காலி பண்ணச் சொன்னேன். அடைப்பு வைத்த வீட்டில் ஆள் இருக்கக் கூடாது, அவர்கள் நல்லதுக்கும்தான். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பூங்கோதையின் தங்கை வீட்டு மொட்டை மாடியில் தகரக் கொட்டகை, அதில் போய் ஒண்டினார்கள். போகும்போதே சொன்னான், "அம்மா, இந்த அட்வான்ஸ் வந்தாதான் நான் அடுத்த வீட்டுக்குக் குடுக்க முடியும். சித்திரை முடியறதுக்குள்ள குடுத்துருங்க. வெயில்ல தகரத்துக்கு அடியில இருக்க முடியாது." நானும் சரி என்றுதான் சொன்னேன். கணக்குப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன்.

கணக்குப் பார்த்தேன். ஆறு மாதம் வீடு அடைப்பு, அந்த வாடகை யார் தருவது? அது ஆறு. இடித்த சுவரைக் கட்ட ஆள்கூலி, செங்கல், சிமென்ட். அடைப்பு எடுக்கிறபோது ஹோமம். வெள்ளையடிக்க ஒரு மாதம். நடுச்சுவரில் அந்தக் குழி. எல்லாம் போட்டால் பத்தும் போய், அவர்கள்தான் எனக்குக் கொஞ்சம் தர வேண்டியிருந்தது. அதை நான் கேட்கவே இல்லை. போகட்டும், சாவு நடந்த குடும்பம் என்று விட்டுவிட்டேன். இந்தக் காலத்தில் யார் விடுவார்கள்?

என் முகத்தை ஏன் அப்படிப் பார்க்கிறாய்? இடிக்கச் சொன்னவள் நான்தானே என்றா? அவனும் அதைத்தான் கேட்டான்.

"இடின்னது நீங்க. கடப்பாரைய எடுத்துக் குடுத்தது நீங்க. இப்ப இடிச்சதுக்கு எங்கிட்ட காசா?"

"ஒங்கப்பா வேற நாள்ல போயிருந்தா இடிச்சிருப்பமா?" என்றேன். நியாயம்தானே? வாசல் கதவை ஒரு உதை உதைத்தான், கொண்டி பெயர்ந்து வந்துவிட்டது.

அடுத்த தடவை இரண்டு பேரும் வந்தார்கள். சேது இருந்தான். "அக்கா ஒரு பொம்பளன்னு மெரட்டிப் பாக்குறியா?" என்று அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினான். இளஞ்செழியன் கண் பிதுங்கிற்று. எங்கள் வீட்டுக்காரர்தான் சேதுவின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். அந்தப் பூங்கோதை என்ன செய்தாள் தெரியுமா? வாசலில் குனிந்து மண்ணை வாரினாள். இரண்டு கை நிறைய. என் வீட்டைப் பார்த்துத் தூற்றினாள். புடவை வாங்கிக் கொடுத்த அதே கை. நான் மஞ்சள் தண்ணீர் தெளித்து வாசலைக் கழுவினேன். இவர் உள்ளே வந்து, "குடுத்துரு, செண்பகம். அது நம்ம பணமே இல்ல. அது அவுங்க அடுத்த வீடு" என்றார். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. ஊரெல்லாம் எதிரியாகும்போது கட்டினவரும் எதிரியானால் என்ன செய்வது? அன்றைக்கு அவரோடு சாப்பிடவில்லை.

கடைசியாக ஆனி மாதம் வந்தான். அன்றைக்குச் சண்டை போட வரவில்லை. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கையில் பஞ்சாங்கம்! கறுப்புச் சட்டைக்காரர் பிள்ளை, கக்கத்தில் பஞ்சாங்கத்தை இடுக்கிக்கொண்டு நிற்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. பூங்கோதை பின்னால் நின்றாள். தகரத்தின் கீழ் இருந்து இருந்து தோலெல்லாம் கன்றிக் கறுத்திருந்தாள். எங்கள் வீட்டுக்காரர் இருவரையும் உட்காரச் சொன்னார். நீ உட்கார்ந்திருக்கிறாயே, இதே நாற்காலிதான்.

"அம்மா, ஒரு ஜோசியரப் பாத்தேன்" என்றான். வார்த்தை அவன் நாக்கில் ஒட்டவில்லை. "பதினொன்னேகால் வரைக்கும் திருவோணம். திருவோணத்துக்கு அடைப்பு கெடையாதாம். டாக்டர் வந்து பாத்தப்பவே ஒடம்பு சில்லிட்டுப் போயிருந்துச்சு, காலையிலயே போயிருக்கலாம்னு சொன்னாரு. அப்ப அது திருவோணம்தாம்மா. எங்க வழி எதுவும் வேணாம், ஒங்க வழியிலயே வரேன். அடைப்பு இல்ல. அந்த ஆறு மாசத்தக் குடுத்துருங்க, போதும். மத்ததக் கழிச்சுக்கங்க."

எவ்வளவு சாமர்த்தியம் பார். டாக்டர் சொன்னாராம். டாக்டர் பார்த்தாரா, நான் பார்த்தேனா? எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. உண்மை நம் பக்கம் இருந்தால் வரும்.

"எந்த டாக்டரு சொன்னாலும் சரி. ஒங்கப்பா உசுரு சங்கு ஊதின பொறவுதான் போச்சு. நான் கோயில்ல வேணாலும் வந்து சத்தியம் பண்ணுவேன். சங்கு ஊதற வரைக்கும் தட்டிக்கிட்டேதான் இருந்தாரு. இந்தக் காதால கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னேன். ஒரு பொய் உண்டா அதில்? ஒரு வசவு உண்டா?

அவன் பஞ்சாங்கத்தை மூடினான். ரொம்ப மெதுவாகக் கேட்டான். "தட்டிக்கிட்டே இருந்தாரா?"

"ஆமா."

"எப்பலேருந்தும்மா?"

"நான் மாவுக்குப் போட்டதுலேருந்து. காலையிலேருந்தேதான். நீ என்னைய மடக்கப் பாக்காத."

பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்து அப்படியே தரைக்கு வழுக்கினாள். எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நாற்பது வருஷத்தில் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் அவர்களுக்குச் சாதகமாகச் சொல்லவில்லை என்று அவருக்கு வருத்தம், வேறென்ன. பொய் சொல்லச் சொல்கிறாயா என்று நினைத்துக்கொண்டேன்.

இளஞ்செழியன் எழுந்து கொல்லைப் பக்கம் போனான். கைகழுவப் போகிறான் என்று நினைத்தேன். கிணற்றடியில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு அடுத்த போர்ஷன் பின்கதவை ஒரே மிதியில் உடைத்து உள்ளே போய்விட்டான். அடைப்பு வைத்த அறை, அம்மா! நான் தினம் விளக்கு வைத்த அறை! முள்ளையெல்லாம் வாரி எறிந்தான். அப்பா கட்டில் கிடந்த இடத்தில் நின்று இந்த நடுச்சுவரில் போட்டான் பார் ஒரு குத்து. என் சாமி அலமாரி ஆடிற்று. விளக்கு கவிழ்ந்தது. "கேக்குதா?" என்றான் அந்தப் பக்கத்திலிருந்து. இன்னொரு குத்து. "கேக்குதா?" இன்னொன்று. எங்கள் கல்யாணப் போட்டோ கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கிற்று. "இப்பக் கேக்குதாம்மா? எங்கப்பா தட்டுறாரு, கேக்குதா?" செங்கல் இந்தப் பக்கம் தெறிக்கிறது. கடப்பாரை மூக்கு சுவரைத் துளைத்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே வந்தது, போனது, வந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு அலறினேன். என்ன வெறி பார். வெறும் பணத்துக்கு ஒரு மனிதன் இப்படியா ஆவான்?

போன் பண்ணினேன். லாரி ஆபீஸ் இங்கே பக்கத்துத் தெருதான். சேது இரும்புக் குழாயோடு வந்தான், நாங்களும் பின்னாலேயே ஓடினோம். அந்த அறைக்குள் பாய்ந்து முதுகில் போட்டான். இளஞ்செழியன் திரும்பக்கூட இல்லை. இடுப்பில் போட்டான். முட்டியில் போட்டான். முட்டி மடிந்து விழுந்தவன், மண்டிபோட்டபடியே கடப்பாரையை ஓங்கிச் சுவரைத்தான் குத்தினான். சேதுவை ஒரு அடி அடிக்கவில்லை. அடிக்க அடிக்க, "கேக்குதா, கேக்குதா" என்று அதே பேச்சு, வாயிலிருந்து ரத்தமும் எச்சிலுமாக. வயிற்றில் ஒரு மிதி விழுந்தது. அதற்கு மட்டும் ஒரு சத்தம் போட்டான், நாய்க்குட்டி மாதிரி. பூங்கோதை சேதுவின் காலைக் கடித்துக்கொண்டு தொங்கினாள். சேது அவளை உதறிவிட்டு, தலையைக் குறிபார்த்துக் குழாயை இரண்டு கையாலும் ஓங்கினான். அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் குறுக்கே விழுந்தார். இளஞ்செழியனை அணைத்துக்கொண்டு விழுந்தார், சொந்தப் பிள்ளையை அணைக்கிற மாதிரி. குழாய் இவர் மண்டையில் இறங்கிற்று.

தேங்காய் உடைகிற சத்தம். அதற்கப்புறம் அந்த வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை.

போலீஸ் வந்து கேட்டது. இளஞ்செழியன் அடித்தான் என்று சொன்னேன். குழாய் சேது கையில்தானே இருந்தது என்கிறாயா? அம்மா, யார் கையில் இருந்தது என்பதா முக்கியம்? அவன் அன்றைக்கு வராமல் இருந்தால் சேது ஓங்கியிருப்பானா? இவர் குறுக்கே விழுந்திருப்பாரா? காரணம் யாரோ அவன்தான் குற்றவாளி. கடப்பாரையில் அவன் கைரேகை இருந்தது, அடைத்துவைத்த வீட்டை உடைத்து நுழைந்திருக்கிறான், வேறென்ன வேண்டும்? பூங்கோதை என்னென்னவோ கத்தினாள். பெண்டாட்டி கத்தத்தான் செய்வாள்.

அதோ, கேட்கிறதா? பயப்படாதே. கையிலிருக்கிற டம்ளரைக் கீழே வை, கொட்டப்போகிறது. அது எங்கள் வீட்டுக்காரர். உள் அறையில் இருக்கிறார். அன்றிலிருந்து பேச்சு இல்லை, வலது பக்கமும் வராது. இடது கை மட்டும் தப்பிற்று. சுவரோரமாகக் கட்டில் போட்டிருக்கிறேன், இந்தச் சுவர்தான், உடைத்த இடத்தைப் பூசி அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டியிருக்கிறேன். அங்கேதான் தட்டுவார். தண்ணீரெல்லாம் கொடுத்தாயிற்று. ஒன்றும் வேண்டியிருக்காது, சும்மா தட்டுவார். எல்லாம் புரிகிறது அவருக்கு என்கிறார் டாக்டர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் இன்ஸ்பெக்டர் வந்து, "யாரு சார் அடிச்சது?" என்று கேட்டார். இவர் சுவரைத் தட்டினார். மறுபடி கேட்டார், மறுபடி தட்டினார், என்னை முறைத்துக்கொண்டே தட்டினார், கண்ணில் தண்ணீர். "பக்கத்து வீட்டுக்காரனச் சொல்றாருங்க" என்றேன். எழுதிக்கொண்டு போனார். வேறு எதற்காகத் தட்டுவார் அந்தச் சுவரை?

அடைப்பு எடுத்து, ஹோமம் பண்ணி, புதுக் கதவு போட்டு, எல்லாம் சுத்தம். அப்புறம் இரண்டு குடும்பம் வந்தது. நிலைக்கவில்லை. சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். உன்னைப் பார்த்தால் பொறுமைசாலியாகத் தெரிகிறாய். ஒரு சின்ன உபகாரம்தான். நான் கோயிலுக்கு, கடைக்குப் போகிற நேரத்தில் இவர் தட்டினால் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? சேது இப்போது இந்தப் பக்கமே வருவதில்லை. மாமா முகத்தைப் பார்க்க முடியவில்லை என்கிறான், இளகின மனசு.

என்னம்மா கேட்டாய்? அட்வான்ஸா?

பூங்கோதை வந்தாள், ஐப்பசியில். ஜாமீனுக்கும் வக்கீலுக்கும் வேண்டும் என்று கேட்டாள். மண் வாரித் தூற்றிய கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒப்பந்தம் புருஷன் பேரில் இருக்கிறது, அவன் வந்து கையெழுத்துப் போடட்டும், மீதி ஏதாவது இருந்தால் தருகிறேன் என்றேன். அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

இளஞ்செழியன் கார்த்திகை மாதம், வயிற்றில் பட்ட அடி ஆறாமல், ஜெயில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.